கால்ஹோப்பிக்கன் உச்சிக்கு ஒரு நாள் பயணம்: முதன்முறை ஏறுவோருக்கான வழிகாட்டி

நோர்வேயின் மிக உயரமான மலை கால்ஹோப்பிக்கன். அதன் உயரம் 2,469 மீட்டர். வட ஐரோப்பாவில் இதற்கு மேற்பட்ட சிகரம் கிடையாது. ஆனால் ஊட்டியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர், இலங்கையின் பிதுருதலாகலை 2,524 மீட்டர் என்பதை அறிந்த தமிழ் வாசகர் ஒருவர், நம் ஊர் மலையைவிடத் தாழ்ந்த ஒன்றுக்கு இவ்வளவு திட்டமிடல் எதற்கு என்று கேட்கக்கூடும். இந்த எண் நம்மை ஏமாற்றிவிடும். தொட்டபெட்டாவின் உச்சிவரை சாலை இருக்கிறது; இங்கே நான் சொல்லப்போகும் வழியில் 1,100 மீட்டர் உயரத்தில் சாலை முடிந்துவிடும், மீதியைக் கால்தான் ஏற வேண்டும். அதோடு இந்த மலை நிலநடுக்கோட்டிலிருந்து 61 பாகைக்கும் மேல் வடக்கே நிற்கிறது. ஆண்டின் எந்த மாதத்திலும் உச்சியில் பனி பெய்யலாம். மலை முகட்டில் காற்றைத் தடுக்க ஒரு புதர்கூட இல்லை.

அதற்காக அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. கயிறோ மலையேற்றக் கருவிகளோ இல்லாமல், நல்ல உடல்நலமும் சரியான ஆயத்தமும் உள்ள ஒருவர் கோடையில் ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடிய மலைதான் இது. கடினமான நாளாக இருக்கும். அந்தக் கடினத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொண்டால் பெரும்பகுதி தொல்லை வீட்டு மேசையிலேயே தீர்ந்துவிடும்.

எந்த வழியாக ஏறுவது

உச்சிக்கு இரண்டு வழக்கமான வழிகள் உண்டு. ஒன்று, 1,840 மீட்டர் உயரத்தில் இருக்கும் யூவாஸ்ஹித்தா விடுதியிலிருந்து புறப்படுவது. இதில் ஏற வேண்டிய உயரம் 630 மீட்டர்தான் என்றாலும், பாதை ஸ்டிக்கெப்ரேயன் என்னும் பனியாற்றைக் கடக்கிறது. பனியாற்றின் மேற்பரப்பு கோடையில் வெண்மையான வயல்போல அமைதியாகத் தெரியும். அதன் அடியில் ஆழமான பிளவுகள் மெல்லிய பனி மூடியபடி ஒளிந்திருக்கும். அதனால் வழிகாட்டி ஒருவரின் தலைமையில் எல்லோரும் ஒரே கயிற்றில் பிணைந்துதான் அதைக் கடக்கிறார்கள். முன்னே சென்ற குழுவின் காலடித் தடம் தெளிவாகத் தெரிகிறதே என்று தனியாகப் பின்தொடர்வது உயிருக்கே ஆபத்தானது. அந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் வழிகாட்டியோடு செல்ல முன்பதிவு செய்துகொள்ளுங்கள், வேறு யோசனையே வேண்டாம்.

மற்றது, வீஸ்டாலன் பள்ளத்தாக்கில் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்பிட்டர்ஸ்டூலன் விடுதியிலிருந்து ஏறுவது. ஏறவேண்டியது ஏறக்குறைய 1,370 மீட்டர். நடுவே இரண்டு துணை முகடுகளில் ஏறி இறங்குவதால் உண்மையில் கால்கள் ஏறுவது அதைவிடச் சற்று அதிகம். தூரம் ஒரு வழிக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். பிளவுகள் நிறைந்த பனியாற்றைக் கடக்கத் தேவையில்லை. பாதை முழுக்கச் சிவப்பு வண்ணத்தில் 'டி' எழுத்து தீட்டப்பட்ட கற்கள் வழிகாட்டும். கடினம் கூடுதல் என்றாலும் முதன்முறை வருவோருக்கு நான் இந்த வழியையே சொல்வேன். காரணம், இதில் வேகத்தையும் ஓய்வையும், எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பும் நேரத்தையும் நீங்களே முடிவு செய்யலாம். ஒரு கயிற்றில் பிணைந்த குழுவில் அந்த உரிமை உங்களிடம் இராது. இனி வருவன எல்லாம் இந்த ஸ்பிட்டர்ஸ்டூலன் வழியைப் பற்றியவை.

காலம் என்று பார்த்தால் ஜூலை நடுப்பகுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம்வரை பொருத்தமானது. ஜூன் மாதத்தில் மேற்பகுதி முழுக்கப் பழைய பனி கிடக்கும். செப்டம்பர் நடுவில் புதுப்பனி விழத் தொடங்குவதோடு பகலும் விரைவாகச் சுருங்கிவிடும்.

உங்கள் கால்கள் ஆயத்தமா என்று அறிவது

நோர்வேயின் சுற்றுலாச் சங்கம் 1868ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவருகிறது. பாதைகளைக் குறியிடுவதும் மலைவிடுதிகளை நடத்துவதும் அதன் முதன்மைப் பணி. நாடெங்கும் நடைபாதைகள் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நான்கு நிறங்களில் தரம் பிரிக்கப்பட்டுள்ளன. பச்சை எல்லோருக்கும், கறுப்பு நல்ல பழக்கமுள்ளோருக்கு மட்டும். பச்சைப் பாதையில் மட்டும் நடந்த ஒருவர் நேரே கால்ஹோப்பிக்கனுக்கு வருவது நீந்தக் கற்ற மறுநாளே கடலில் இறங்குவதற்கு ஒப்பாகும்.

ஒரு சோதனை நடை செய்து பாருங்கள். தெலமார்க் பகுதியில் உள்ள கௌஸ்டாதொப்பன் 1,883 மீட்டர் உயரம். ஸ்டாவ்ஸ்ரூ என்னும் இடத்திலிருந்து தொடங்கினால் ஏறக்குறைய 700 மீட்டர் ஏற்றம். அதாவது கால்ஹோப்பிக்கனின் சரிபாதி. மேற்பகுதி முழுவதும் கற்குவியல் என்பதால் பாறை விட்டுப் பாறை கால்வைக்கும் பழக்கமும் கிடைக்கும். அதை மூன்று மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிய பின்னும், இன்னொரு முறை ஏறச் சொன்னால் ஏறுவேன் என்று நேர்மையாக உங்களுக்கே சொல்லிக்கொள்ள முடியுமானால் நீங்கள் ஆயத்தம். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகி, இறங்கும்போது முழங்கால் நடுங்கினால், அடுத்த கோடையை இலக்காகக் கொள்ளுங்கள். இடைப்பட்ட காலத்தில் வாரம் இரண்டு முறை பாரம் சுமந்து மாடிப்படி ஏறி இறங்குவது வேறெந்தப் பயிற்சியைவிடவும் பயன் தரும். இறங்குவதையும் பழகுங்கள், தொடையின் முன்தசை இறக்கத்தில்தான் களைத்துப்போகிறது.

நேரக் கணக்கு

சமதரையில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஒரு மணி நேரம் கூடுதல் என்பது மலை நடையர்களின் பழைய கணக்கு. அதன்படி ஆறு கிலோமீட்டருக்கு 1 மணி 12 நிமிடம், 1,370 மீட்டர் ஏற்றத்துக்கு 2 மணி 17 நிமிடம். ஆக மூன்றரை மணி நேரம். இது நல்ல பாதையில், ஓய்வே இல்லாமல், பழகியவர் நடக்கும் நேரம். கற்குவியலையும் ஓய்வையும் புதியவரின் வேகத்தையும் சேர்த்தால் ஏறுவதற்கு ஐந்து மணி நேரம், உச்சியில் அரை மணி, இறங்குவதற்கு மூன்றரை மணி என்று ஒன்பது மணி நேரம் ஒதுக்க வேண்டும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் மாலை நான்கு மணிக்கு இறங்கிவிடலாம். எதிர்பாராத தாமதத்துக்கு இன்னும் சில மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும். ஒன்பது மணிக்குப் புறப்படுபவர் அந்த இருப்பைத் தொடக்கத்திலேயே செலவழித்துவிடுகிறார்.

இந்தக் கணக்கை வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள். ஸ்வெல்நோசே என்னும் முதல் முகடு 2,272 மீட்டர், அங்கே 10.45. கைல்ஹௌஸ் தொப் என்னும் இரண்டாம் முகடு 2,355 மீட்டர், அங்கே 11.30. உச்சி, நண்பகலைச் சற்றுக் கடந்து. இவற்றின் அருகே இன்னும் இரண்டு நேரங்களைத் தடித்த எழுத்தில் எழுத வேண்டும்: 12 மணிக்குள் ஸ்வெல்நோசேயை அடையாவிட்டால் திரும்புவது, 1.30க்குள் உச்சியை அடையாவிட்டால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்புவது. மேலே களைப்பும் ஆசையும் சேர்ந்து முடிவெடுக்கும். அதனால்தான் கீழே, மனம் தெளிவாக இருக்கும்போதே, இதை எழுதிவைக்கச் சொல்கிறேன்.

வரைபடம் 1:50,000 அளவில் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் என்பது அரை கிலோமீட்டர். ஒரு சம உயரக் கோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 20 மீட்டர் உயரம். கோடுகள் நெருங்கி நிற்கும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், அங்கேதான் மூச்சு வாங்கும். கைப்பேசியில் வரைபடம் இருக்கிறதே என்று தாளை விட்டுவிட வேண்டாம். குளிரில் மின்கலம் கண்ணெதிரே வடிந்துபோகும்.

வானிலை

நோர்வே வானிலை நிறுவனமும் நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் முன்னறிவிப்புச் சேவைக்கு ஒய், ஆர் என்ற இரண்டே எழுத்துகள்தான் பெயர். நோர்வேயில் இதைப் பார்க்காமல் யாரும் மலைக்குப் போவதில்லை. அதில் அருகிலுள்ள லோம் ஊரைத் தேடாமல் கால்ஹோப்பிக்கன் என்றே தேடுங்கள். நூறு மீட்டர் ஏற ஏற வெப்பம் ஏறக்குறைய 0.65 பாகை குறைகிறது. விடுதி வாசலில் 10 பாகை என்றால் உச்சியில் ஒன்று அல்லது இரண்டு பாகைதான்.

காற்றை அவர்கள் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று குறிப்பிடுவார்கள். வெப்பம் பூஜ்யத்தில் இருக்கையில் விநாடிக்கு 10 மீட்டர் காற்று வீசினால் தோலுக்கு அது மைனஸ் 7 பாகைபோல இருக்கும். 15 மீட்டர் என்றால் கற்குவியலில் சமநிலை தடுமாறும். என் அளவுகோல் இது: உச்சிக்கான முன்னறிவிப்பு 10 மீட்டருக்கு மேல் காற்றையோ, நண்பகலுக்கு முன் மூடுபனியையோ காட்டினால் புதியவர்கள் அன்று ஏறக்கூடாது. அதனால் விடுதியில் ஓர் இரவுக்குப் பதில் இரண்டு இரவு பதிவு செய்வது அறிவுடைமை. மாற்று நாள் ஒன்று இருந்தால் மோசமான நாளில் ஏற மனம் துணியாது.

பையில் என்ன இருக்க வேண்டும்

உடையில் முதல் விதி, தோலோடு ஒட்டும் உடை பருத்தியாக இருக்கக்கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும்; ஏறும்போது குளிர்ச்சியாக இருந்த அந்த ஈரம், முகட்டில் நின்றவுடன் உடலின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். மெல்லிய கம்பளி உள்ளாடை ஈரமானாலும் சூடு தரும். அதன்மேல் ஒரு கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத மேலங்கியும் காற்சட்டையும். ஆகஸ்ட் மாத வெயில் நாளாக இருந்தாலும் கம்பளித் தொப்பியும் கையுறையும் பையில் இருந்தே ஆக வேண்டும். கையுறை இரண்டு சோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நனைந்தால் அல்லது காற்றில் பறந்தால் மற்றொன்று. கணுக்காலை மூடிப் பிடிக்கும், அடிப்பகுதி தடித்த காலணி தேவை, அதுவும் ஏற்கெனவே ஐம்பது கிலோமீட்டராவது போட்டு நடந்ததாக இருக்க வேண்டும். புதுக் காலணியோடு வந்து, மூன்றாவது மணி நேரத்தில் குதிகால் கொப்புளத்தோடு உட்கார்ந்திருப்பவரை ஒவ்வொரு கோடையிலும் காண்கிறேன்.

நோர்வேக்காரர்களின் பையில் தவறாமல் இருக்கும் இரண்டு பொருள்களை நம்மவர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. ஒன்று, மடித்துவைக்கும் சிறு நுரைப்பாய். குளிர்ந்த பாறையில் நேரே உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் உடல் முழுதும் சில்லிட்டுவிடும். உள்ளங்கை அகலத்துக்கு மடியும் இந்தப் பாய் அதைத் தடுக்கிறது. மற்றது, இரண்டு மூன்று பேர் உள்ளே நுழைந்து அமரக்கூடிய மெல்லிய காற்றுத்தடுப்புப் பை. ஒருவர் காலில் அடிபட்டு உதவிக்குக் காத்திருக்க நேர்ந்தால், வெட்டவெளிக் காற்றுக்கும் அவருக்கும் இடையே இருக்கப்போவது இது ஒன்றுதான். குழுவுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை, ஒன்றைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் முறை எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போனேன். முகட்டில் அது குளிர்ந்து இறுகிப்போய், கையுறையைக் கழற்றி விரலால் பிசைந்து உண்பதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. மீண்டும் உணர்வு வர அரை மணி ஆயிற்று. கையுறையோடே பிடித்து உண்ணக்கூடிய ரொட்டித் துண்டுகள், பேரீச்சை, கடலை, சாக்லேட் ஆகியவையே பொருத்தம். விடுதிகளில் காலை உணவு மேசையிலேயே மதியத்துக்கான ரொட்டியைக் கட்டணம் செலுத்திக் கட்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு, வெந்நீர்க் குடுவையையும் நிரப்பித் தருவார்கள். 'குவிக் லுன்ஷ்' என்னும் சாக்லேட்டின் உறைக்குள் 1967ஆம் ஆண்டிலிருந்து மலை ஒழுக்க விதிகளை அச்சிட்டு வருகிறார்கள் என்பது இந்த நாட்டினர் மலையை எவ்வளவு மதிக்கிறார்கள் என்பதைக் காட்டும்.

தண்ணீர் ஒன்றரை லிட்டராவது வேண்டும்; கீழ்ச்சரிவில் ஓடைகள் உண்டு, மேலே கற்குவியலில் எதுவும் கிடைக்காது. இவற்றோடு திசைகாட்டி, நெற்றி விளக்கு, கொப்புளத்துக்கான ஒட்டுப்பட்டை, கறுப்புக் கண்ணாடி, வெயில் பூச்சு. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணையும் தாடையின் அடிப்பக்கத்தையும்கூடச் சுடும். உச்சியில் ஒரு சிறு கட்டடம் இருக்கிறது. கோடை நாள்களில் அங்கே காப்பியும் இனிப்பும் விற்பார்கள். திறந்திருந்தால் மகிழ்ச்சி, அதை நம்பி உணவைக் குறைக்காதீர்கள்.

முந்தைய நாள்

ஒஸ்லோவிலிருந்து லோம் வரை காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஒத்தா வரை ரயிலிலும் அங்கிருந்து பேருந்திலும் வரலாம். லோமிலிருந்து பெருஞ்சாலையில் சற்றுத் தூரம் சென்றபின், சுங்கம் செலுத்த வேண்டிய தனியார் சாலை ஒன்று பிரிந்து வீஸ்டாலனுக்குள் போகிறது. அன்று காலை ஒஸ்லோவில் புறப்பட்டு அன்றே ஏறுவது என்ற எண்ணமே வேண்டாம்.

மாலையில் விடுதிப் பணியாளரிடம் இரண்டைக் கேளுங்கள்: மேலே பனி எந்த அளவு கிடக்கிறது, இன்று ஏறியவர்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள். எந்த இணையதளமும் தராத தகவல் அவர்களிடம் இருக்கும். பிறகு உங்கள் வழி, புறப்படும் நேரம், திரும்பும் நேரம் ஆகியவற்றை வீட்டில் ஒருவருக்கு எழுதி அனுப்புங்கள். எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் அவர் கவலைப்பட வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஏறும் நாள்

விடுதியை விட்டதும் வீசா ஆற்றைப் பாலத்தில் கடக்கிறீர்கள். உடனே செங்குத்தான புல்சரிவு. இங்கேதான் எல்லோரும் வேகமாக நடந்து களைத்துப்போகிறார்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். குளிர் சற்று உறைக்கும்படியான உடையோடு புறப்படுங்கள், கால் மணி நேரத்தில் உடல் சூடேறிவிடும். எதிரே வருபவர்கள் எல்லோரும் 'ஹெய்' என்பார்கள். பதில் சொல்வது மரியாதை மட்டும் அன்று. யார் எங்கே யாரைக் கடைசியாகக் கண்டார்கள் என்பது மலையில் சில நேரம் பெரிய செய்தியாகிவிடும்.

புல் மறைந்ததும் கல் தொடங்கும். மேலே போகப்போகப் பானை அளவிலிருந்து மேசை அளவுவரையான பாறைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. இடையே மண்ணே இராது. அந்தப் பாறைகளில் கறுப்பாகவும் பச்சை மஞ்சளாகவும் பாசிக்கற்றை படர்ந்திருக்கும். உலர்ந்திருக்கும்போது அது சொரசொரப்பாகக் காலைப் பிடித்துக்கொள்ளும், மழைத்துளி பட்டால் சோப்பு தடவியதுபோல வழுக்கும். பாறையின் விளிம்பில் கால்வைக்காமல் நடுவில் வையுங்கள். எடையை முழுக்க மாற்றுமுன் ஒரு கணம் அழுத்திப் பாருங்கள். ஊன்றுகோல் இருந்தால் அதன் கைவார்க்குள் மணிக்கட்டை நுழைக்காதீர்கள். கோல் பாறையிடுக்கில் சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஸ்வெல்நோசேயை அடைந்ததும் பார்வை திறக்கிறது. பனியாறுகள் பிளவுபட்டு நீலம் காட்டிக் கீழிறங்குவது தெரியும். இங்கே உட்கார்ந்து உண்ணுங்கள், பசி எடுக்காவிட்டாலும் உண்ணுங்கள். அங்கிருந்து சற்று இறங்கி ஏறினால் கைல்ஹௌஸ் தொப், மீண்டும் இறங்கி ஏறினால் உச்சி. இந்தப் பகுதியில் கோடையிலும் பனித்திட்டுகள் உண்டு. மிதிபட்ட தடத்தை விட்டு விலகாதீர்கள். குறிப்பாக விளிம்பை எட்டிப்பார்த்துப் படம் எடுக்கப் போகாதீர்கள். காற்று வெளியே தள்ளிக் கட்டிய பனிக்கூரை அங்கே துருத்தி நிற்கலாம், அதன் அடியில் தாங்குவதற்குப் பாறை இராது.

திரும்புவது

கைல்ஹௌஸ் தொப் யார் பெயரால் வழங்குகிறது என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பல்தசார் மத்தியாஸ் கைல்ஹௌ நிலவியல் அறிஞர். 1820ஆம் ஆண்டில் இந்த மலைநாட்டை ஆராய்ந்து வெளியுலகுக்குச் சொன்னவர்களில் ஒருவர். 1840களில் கால்ஹோப்பிக்கனில் ஏற முயன்று, மோசமான வானிலையால் அந்த இடத்தில் திரும்பினார். உச்சியை முதலில் மிதித்தவர்கள் லோம் பகுதியைச் சேர்ந்த மூவர்: ஸ்டெய்னார் சுல்ஹெய்ம், இங்கெப்ரிக்ட் ஃப்ளோத்தன், லார்ஸ் ஆர்னெசன். ஆண்டு 1850. திரும்பிய இடத்துக்கு ஒரு மனிதரின் பெயரைச் சூட்டி, அதை வரைபடத்தில் நிலைக்கவைத்த நாடு இது. நோர்வேயின் ஒன்பது மலை விதிகளில் எட்டாவதும் அதையே சொல்கிறது: நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை.

என் முதல் முயற்சி அதே முகட்டில்தான் முடிந்தது. காலை தெளிவாக இருந்தது. பதினொரு மணியளவில் மேற்கிலிருந்து மூடுபனி ஏறிவந்தது. நான் நின்ற கல்லின் சிவப்பு எழுத்தில் தூரிகையின் தடம்கூடத் தெரிந்தது, ஆனால் அடுத்த கல் எங்கே என்று தெரியவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தேன். பனி கலையவில்லை. வந்த வழியில் கடைசியாகக் கடந்த குறிக்கல் மங்கலாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே திரும்பினேன். அதை நீங்களும் அளவாகக் கொள்ளலாம்: ஒரு குறியில் நின்று அடுத்த குறியைக் காண முடியாதபோது முன்னே நடக்கக்கூடாது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஏறினேன். மலை அங்கேயேதான் இருந்தது.

இறங்கும்போது கவனம் தளரும். உச்சியைத் தொட்ட நிறைவில் கால் அசட்டையாக விழும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு முறை நின்று தண்ணீர் குடித்து, காலணிக் கயிற்றை முன்பாதத்தில் இறுக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் விரல் நகங்கள் காலணி முனையில் மோதிக் கறுத்துவிடும்.

உதவி தேவைப்பட்டால்

மலையில் ஒருவர் காணாமற்போனாலோ வழி தவறினாலோ 112, உடல்நல அவசரம் என்றால் 113. ஆங்கிலத்தில் பேசலாம். 'யெல்ப் 113' என்னும் செயலியை முன்பே நிறுவிவைத்தால் அழைக்கும்போது நீங்கள் இருக்கும் இடமும் தெரிந்துவிடும். நோர்வேயில் மீட்புப் பணிக்குக் கட்டணம் கிடையாது. செலவுக்கு அஞ்சி அழைப்பைத் தள்ளிப்போட வேண்டாம். அழைத்தபின் இடம் மாறாதீர்கள். அடிபட்டவரை நுரைப்பாயில் அமர்த்தி, காற்றுத்தடுப்புப் பைக்குள் நுழைத்து, இருக்கும் கம்பளி எல்லாவற்றையும் போர்த்துங்கள். கைப்பேசியை உள்சட்டைப் பையில், உடல் சூட்டில் வையுங்கள்.

எல்லாம் நல்லபடி முடிந்து மீண்டும் வீசா ஆற்றுப் பாலத்தைக் கடந்தவுடன், காலணியைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. முந்தைய இரவு யாருக்கு எழுதினீர்களோ அவருக்கு, இறங்கிவிட்டோம் என்று செய்தி அனுப்புங்கள். கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் காத்திருப்பார்.